கண்ணாடியைக் கொத்தும் கருஞ்சிட்டும் பின்தெரு நாய்களும்

ஆச்சி, நீங்கள் கேட்டதை மற்றவர்களும் தெரிந்துகொள்ளச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். உங்கள் செட்டிநாட்டுப் பள்ளத்தூர் வீட்டின் வளவில், அதாவது உள்முற்றத்தில், இருக்கும் பெரிய பெல்ஜியம் கண்ணாடியைப் பங்குனி பிறந்ததிலிருந்து ஒரு கறுப்புக் குருவி கொத்திக்கொண்டே இருக்கிறது. கையை வீசி விரட்டினால் ஓட்டு விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் அடுப்படிக்குத் திரும்பியதும் மறுபடி வந்துவிடுகிறது. அதற்கு ஏதும் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே இன்னும் இரண்டு கேள்வி. முன்வாசல் தெருவில் படுத்திருக்கும் நாய் பின்வாசல் தெருவுக்கு ஏன் போவதே இல்லை, போனால் ஏன் அத்தனை கடி? ஊர் மாடுகளுக்கு மட்டும் அந்தத் தகராறு ஏன் இல்லை?

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். நாய் பொல்லாதது, மாடு சாது என்று குணத்தை வைத்துச் சொல்லிவிடுவது நம் வழக்கம். முப்பது வருடம் விலங்கியல் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஓர் இடத்தைக் காப்பதற்கு என்ன செலவாகிறது, காத்தால் என்ன மிச்சமாகிறது என்று பாருங்கள். அந்த வரவு செலவு மாறினால் அதே பிராணி அதே வாரத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். இதை நான் எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே பார்த்திருக்கிறேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் குருவி. தோளில் வெள்ளைத் திட்டு, வாலுக்கு அடியில் செங்கல் நிறம், வாலை முதுகை நோக்கி நிமிர்த்தி நிமிர்த்திக் காட்டும் என்று எழுதியிருந்தீர்கள். அது ஆண் கருஞ்சிட்டு. வடநாட்டில் இதே குருவிக்கு முதுகு பழுப்பாக இருக்கும். நம் பக்கத்தில்தான் இந்த அடர் கறுப்பு. செம்மண் பொட்டல், இடிந்த சுவர், கல் குவியல் எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள், அதனால் நம் ஊர்களில் அதற்குக் குறைவே இல்லை. கூடு கட்டும் பருவத்தில் ஆண் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சுவர்ப் பொந்திலோ கல் இடுக்கிலோ கூடு வைத்து, குஞ்சு பறந்து போகும் வரை, அந்த இடத்துக்குள் இன்னோர் ஆண் கருஞ்சிட்டை விடாது. உங்கள் கண்ணாடிக்குள் அது பார்ப்பது அந்த இன்னோர் ஆணைத்தான். தன் உருவம் என்று அதற்குத் தெரியாது.

எல்லைத் தகராறு என்றாலே சண்டை என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலானவை அலகு படாமலே முடிகின்றன. உயரமான இடத்தில் உட்கார்ந்து பாடுவது முதல் எச்சரிக்கை. அதையும் மீறி ஒருவன் வந்தால், சொந்தக்காரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளின் வெள்ளையைக் காட்டுவான், வாலை விரிப்பான், ஒரு தாவு தாவுவான். வந்தவன் விலகிப் போய்விடுவான். அவ்வளவுதான். கண்ணாடிக்குள் இருப்பவனோ இந்த வழக்கம் எதற்கும் கட்டுப்படுவதில்லை. இவன் நெருங்கினால் அவனும் நெருங்குகிறான். இவன் வாலை விரித்தால் அவனும் விரிக்கிறான். இவன் விலகிப் பறந்தால் மட்டும் அவன் காணாமல் போகிறான். ஜெயித்துவிட்டோம் என்று ஓட்டு விளிம்பில் போய் உட்கார்ந்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துப் பார்க்க வந்தால் அதே இடத்தில் மறுபடி நிற்கிறான். ஆகவே கோளாறு குருவியிடம் இல்லை. விட்டுக்கொடுக்கவே தெரியாத ஓர் எதிரியை நம் கண்ணாடி அதற்குக் கொடுத்துவிட்டது.

இந்த விஷயத்தில் ஒரு சின்ன அடையாளமே போதும். இங்கிலாந்தில் டேவிட் லாக் என்ற பறவையியலாளர், அங்கத்து ராபின் குருவியின் எல்லைக்குள் வெறும் சிவப்பு இறகுக் கொத்து ஒன்றைக் கட்டி வைத்துப் பார்த்தார். தலை இல்லை, உடம்பு இல்லை. ராபின் அதையும் தாக்கியது. நெதர்லாந்தின் லைடன் நகரில் நிக்கோ டின்பெர்கன் தொட்டியில் வளர்த்த ஸ்டிக்கிள்பேக் என்ற சின்ன மீன்களுக்கு இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் வயிறு சிவக்கும். ஜன்னலுக்கு வெளியே சிவப்புத் தபால் வண்டி போகும்போதெல்லாம் அந்த ஆண் மீன்கள் எதிரியைக் கண்டது போல அந்தப் பக்கம் பாய்ந்தன. டின்பெர்கனுக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது இப்படிப் பொறுமையாகப் பிராணிகளைக் கவனித்ததற்காகத்தான்.

சிவப்பு என்றதும் நம் ஓணான் நினைவுக்கு வருகிறது. வேலிக்கல்லின் மேல் ஏறி நின்று, தலையும் தொண்டையும் சிவக்க, முன்னங்காலை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி இறக்குமே, அது தன் எல்லையை அறிவிக்கும் ஆண். தோற்றுப் போனால் அந்தச் சிவப்பு சீக்கிரமே வெளுத்துவிடும். ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று சொல்லிப் பிள்ளைகள் அதன் மேல் கல்லெறிவதை நான் சின்ன வயதில் நிறையப் பார்த்திருக்கிறேன், இன்றும் மனது சங்கடப்படுகிறது. அந்த நிறத்துக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சரி, மாட்டுக்கு வருவோம். உங்கள் மாடு காலையில் அவிழ்த்துவிட்டால் கண்மாய்க்குப் போய், பொட்டலில் மேய்ந்து, சாயங்காலம் தானே வீடு திரும்புகிறது. தினமும் அதே வழிதான். அதற்கென்று ஒரு நடமாட்ட வட்டம் இருக்கிறது, ஆனால் அந்த வட்டத்துக்குள் அடுத்த வீட்டு மாடு மேய்ந்தால் அது கண்டுகொள்வதில்லை. நடமாடும் பரப்பு வேறு, காக்கும் எல்லை வேறு என்று விலங்கியலில் 1940-களிலேயே தெளிவாகப் பிரித்துவிட்டார்கள். எவ்வளவு தூரம் சுற்றினாலும் சரி, மற்றவரை விரட்டிக் காக்கும் பகுதிக்குத்தான் எல்லை என்று பெயர். மாட்டுக்குள்ளும் பெரியவன் சிறியவன் உண்டு. தொட்டியில் யார் முதலில் தண்ணீர் குடிப்பது என்பதில் கொம்பு ஆடும். ஆனால் புல் எங்கும் பரந்து கிடக்கிறது, ஒரு வாய்ப் புல்லில் கிடைப்பதும் கொஞ்சம்தான். பத்து ஏக்கர் பொட்டலைச் சுற்றி ஓடி ஓடி மற்ற மாட்டை விரட்டுகிற நேரத்தில் அது பேசாமல் மேய்ந்துவிடலாம். யானையும் இப்படித்தான். அதன் சுற்றுப் பரப்பு மிகப் பெரியது, ஒரு கூட்டத்தின் பரப்பும் இன்னொரு கூட்டத்தின் பரப்பும் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும்.

அந்தக் கணக்கை நிஜமாகவே எண் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஃப்ராங்க் கில், லாரி உல்ஃப் என்ற இருவர் கென்யாவில் ஒரு தேன்சிட்டைக் கவனித்து 1975-இல் எழுதினார்கள். அந்தச் சிட்டு குடித்த பூ, தும்பை இனத்தோடு சேர்ந்த செடியில் உருண்டை உருண்டையாக அடுக்கடுக்காகப் பூக்கும் ஆரஞ்சுப் பூ. நம் பக்கத் தரிசிலும் அதைப் பார்க்கலாம். சிட்டு சும்மா உட்கார்ந்திருந்தால் மணிக்கு 400 கலோரி செலவு, பூப்பூவாய்த் தேன் குடித்துத் திரிந்தால் 1,000, எதிரியைத் துரத்தினால் 3,000. (இது சின்னக் கலோரி. நம் சாப்பாட்டுக்குச் சொல்லும் கலோரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) துரத்துவது அத்தனை செலவான வேலை. ஆனால் மற்ற சிட்டுகளைத் துரத்திவிட்டால் பூவில் தேன் தங்கும். பூவுக்கு ஒரு மடங்கு இருந்த தேன் இரண்டு மடங்கானால், 8 மணி நேரம் அலைந்து நிரப்ப வேண்டிய வயிறு 4 மணி நேரத்தில் நிரம்பும். மீதி 4 மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். அதில் 2,400 கலோரி மிச்சம். ஒரு நாள் துரத்தலுக்குக் கூடுதலாக ஆவதோ சுமார் 730 தான். லாபம்.

நான் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் அழுத்திச் சொன்னது இதன் அடுத்த பகுதியை. பூவில் ஏற்கெனவே தேன் வழிகிறது என்று வையுங்கள். அப்போது வயிறு இரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும். மற்றவர்களைத் துரத்தி இன்னும் கொஞ்சம் சேர்த்தாலும் மிச்சமாவது அரை மணி, முக்கால் மணி. அது துரத்திய செலவுக்கே காணாது. தேன் ஒரேயடியாய் வற்றிப்போனாலும் அப்படித்தான், காத்தாலும் வயிறு நிரம்பாது, வேறு இடம் தேடிப் போவதே மேல். ஆக, மிகக் குறைவிலும் காவல் இல்லை, மிக அதிகத்திலும் காவல் இல்லை. நடுவில்தான் எல்லை பிறக்கிறது. எல்லையின் அளவும் சதுர அடியில் நிற்பதில்லை. ஒரு சிட்டு சின்ன இடத்தைக் காத்தது, இன்னொன்று பல மடங்கு பெரிய இடத்தைக் காத்தது, ஆனால் உள்ளே எண்ணிப் பார்த்தால் இரண்டிலும் ஏறக்குறைய 1,600 பூ. ஒரு நாள் பிழைப்புக்கு வேண்டிய பூ.

இப்போது நாய்க் கதை. எங்கள் வீடும் உங்கள் வீடு போலத்தான், முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் முன்தெருவில் ஐந்தாறு நாய் ஒரு கூட்டம், பின்தெருவில் இன்னொரு கூட்டம். முன்தெருக் கூட்டத்தில் வீரன் என்று ஒன்று எங்கள் திண்ணையிலேயே படுத்துக்கிடக்கும். ஒருநாள் அதை வளவு வழியாகவே நடத்திக்கொண்டு போய்ப் பின்வாசல் நிலையைத் தாண்ட வைத்தேன். படி இறங்கியதும் வாலை அடியில் மடக்கிக்கொண்டது. நான்கு எட்டு வைப்பதற்குள் பின்தெரு நாய்கள் வந்துவிட்டன. அப்பச்சி கம்பை எடுத்துக்கொண்டு ஓடிவராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. நமக்கு அது ஒரே வீட்டின் இரண்டு வாசல். நாய்க்கு இரண்டு நாடு.

அந்த எல்லையை அவை நாள்தோறும் புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. தெருமுனைக் கல், மின்கம்பம், வண்டிச் சக்கரம் என்று காலைத் தூக்கிப் போகும் சிறுநீர் ஓர் அறிவிப்பு. யார் வந்தார், ஆணா பெண்ணா, எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை மோந்தே தெரிந்துகொள்ளும். ராத்திரியில் முனையில் நின்று குரைப்பது இன்னோர் அறிவிப்பு. எதற்காக இத்தனை? தெருவுக்கு எட்டுப் பத்து வீடு, வீட்டுக்கு ஒரு பிடி மீந்த சோறு. காக்கக்கூடிய அளவு சின்ன இடம், காத்தால் வயிறு நிரம்பும், விட்டால் குட்டிகள் பட்டினி. தேன்சிட்டின் நடுக்கணக்கு.

அந்த வருடம் எங்கள் சின்ன ஆச்சிக்கு, அதாவது இளைய அக்காவுக்கு, கல்யாணம். ஊரெல்லாம் சாப்பிட்டது. பந்தி பந்தியாக எச்சில் இலை பின்தெருவில் மலையாகக் குவிந்தது. முதல் நாள் மத்தியானம் கொஞ்சம் உறுமல் இருந்தது. சாயங்காலம் பார்த்தால் முன்தெரு நாயும் பின்தெரு நாயும் ஒரே குவியலின் இரண்டு பக்கத்தில் தின்றுகொண்டிருந்தன. வீரனும் அங்கே இருந்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு தானே வந்திருக்கிறது. கல்யாணம் முடிந்து நாலாம் நாள் குப்பையை வாரியதும் பழையபடி எல்லை எழும்பிவிட்டது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஏன் என்று யாரிடம் கேட்டும் பதில் கிடைக்கவில்லை. நான் விலங்கியல் படிக்கப் போனதற்கு அந்தக் குவியலும் ஒரு காரணம். பல வருடம் கழித்து அந்தத் தேன்சிட்டுக் கணக்கைப் படித்தபோது, தேன் வழிகிற பூ என்றதும் எனக்குக் கண்ணில் வந்தது அந்த எச்சில் இலைதான்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். முன்தெரு நாய்க்குப் பின்தெரு நாயைத் தெரியும், முனையில் ஒன்றையொன்று பார்த்து ஒரு குரை குரைத்துவிட்டுப் படுத்துவிடும். முன்பின் தெரியாத நாய் ஒன்று பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து வந்துவிட்டால்தான் தெருவே எழுந்திருக்கும். இது பல பறவைகளிடமும் உண்டு. பக்கத்து எல்லைக்காரனின் பாட்டுக்குக் கொஞ்சம்தான் பதற்றம், அந்நியனின் பாட்டுக்கு முழுத் தாக்குதல். வரப்பு ஒருமுறை முடிவாகிவிட்டால் பக்கத்துக் காட்டுக்காரனோடு தினமும் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை அல்லவா, அதே தான். ஆனால் இதையும் விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆப்பிரிக்காவில் கூட்டமாக வாழும் வரிக்கீரிகளுக்கு அந்நியனைவிடப் பக்கத்துக் கூட்டத்தின் வாடைதான் அதிகக் கலவரம் தரும். தனியாக அலையும் அந்நியக் கீரி ஒன்றால் பெரிய ஆபத்து இல்லை. பக்கத்துக் கூட்டமோ எல்லையையே பறித்துவிடும்.

நம் ஊரிலேயே எத்தனை வகை எல்லை இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். 1977-இல் சரணாலயமாக அறிவித்த இடம். கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். அந்த மக்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. அங்கே கண்மாய்க்குள் நிற்கும் ஒரே மரத்தில் நத்தைகுத்தி நாரை, வக்கா, கொக்கு என்று கூடுகள் நெருங்கிக் கிடக்கும். இத்தனை நெருக்கமா, எல்லையே இல்லையா என்று தோன்றும். உற்றுப் பார்த்தால் ஒரு கூட்டுக்கும் அடுத்த கூட்டுக்கும் நடுவில் அலகு எட்டும் தூரம் இருக்கும். அதுதான் அவற்றின் எல்லை. அடுத்த பறவை அந்தத் தூரத்துக்குள் கழுத்தை நீட்டினால் கொத்து விழும், ஒரு குச்சியைத் திருட வந்தால் பெரிய ரகளை. நத்தையும் மீனும் சுற்றுவட்டக் கண்மாய், வயல் எல்லாவற்றிலும் சிதறிக் கிடப்பதால் இரை தேடும் இடத்தைப் பொதுவாகக் காப்பதில்லை. பத்திரமான மரம்தான் அரிது, ஆகவே காவலும் அங்கேதான்.

ஊருணிக் கரையில் தட்டான்களைப் பாருங்கள். வெயில் ஏறியதும் ஓர் ஆண் தட்டான் கரையில் சில அடித் தூரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே போய்ப்போய் வரும். முட்டையிட வரும் பெண்ணுக்காக அந்தக் காவல். சில மணி நேரத்தில் முடிந்துவிடும் எல்லை. மயிலின் கதை இன்னும் விசித்திரம். ஆண் மயில் ஆடுவதற்கென்று ஒரு சின்ன இடத்தைக் காக்கும். அங்கே இரையும் இல்லை, கூடும் இல்லை. பெண் வந்து பார்த்துவிட்டுப் போகும், அவ்வளவே. காரின் பளபளப்பான கதவை மயில் கொத்தித் தொலைக்கிறது என்று நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கிறோமே, அதுவும் உங்கள் கருஞ்சிட்டின் விவகாரம்தான். மாமரத்து முசுறு எறும்பு தன் கழிவையே புள்ளி புள்ளியாக வைத்து மரத்தைத் தன்னுடையதாக்கும், இரண்டு கூட்டத்தின் எல்லைக்கு நடுவில் இரண்டுமே நடமாடாத ஒரு சூனியப் பட்டை கிடக்கும்.

புலியைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் விட முடியாது. நேபாளத்துச் சித்வானில், மான் நிறைந்த காட்டில், ஒரு பெண் புலிக்கு ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் போதும். இரை அரிதான ரஷ்யாவின் தூரக் கிழக்கில் அதே இனப் பெண் புலிக்கு 400 சதுர கிலோமீட்டர் வேண்டும்.

பிடித்து வைத்த இடம் காலியானால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நம் ஊர் நாய்களுக்கு அது ரொம்ப முக்கியம். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு அருகே ஜான் கிரெப்ஸ் என்பவர் ஒரு காட்டிலிருந்து கிரேட் டிட் என்ற சின்னக் குருவிகளில் சில ஜோடிகளை நீக்கிவிட்டுப் பார்த்தார். சில நாளிலேயே அந்த இடங்களுக்குப் புது ஜோடிகள் வந்துவிட்டன, ஓரத்து வேலிப் புதர்களில் இடம் கிடைக்காமல் காத்திருந்தவை. பின்னால் அவரே இன்னொன்று செய்தார். காலியான சில இடங்களில் ஒலிபெருக்கி வைத்து அந்தக் குருவியின் பாட்டை ஒலிக்கவிட்டார். பாட்டுக் கேட்ட இடங்கள் நிரம்ப அதிக நேரம் பிடித்தது. ஆள் இல்லாமலே குரல் மட்டும் எல்லையைக் காத்தது. தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து தடுப்பூசி போட்டபின் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று மத்திய அரசின் 2023-ஆம் வருட விதிகள் சொன்னதற்குப் பின்னால் இந்த அறிவும் இருக்கிறது. சோறும் குப்பையும் அப்படியே இருக்க நாயை மட்டும் அகற்றினால், அடுத்த தெரு நாய்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஊசி போட்ட, ஆளைத் தெரிந்த நாய் போய், ஊசி போடாத புது நாய் வரும். தெருவில் நாய் குறைய வேண்டுமென்றால் குப்பையைத் திறந்து போடுவதை நிறுத்துவதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி உங்கள் குருவிக்கு என்ன செய்வது என்று சொல்கிறேன், ஆச்சி. விரட்ட வேண்டாம், விரட்டினால் அதன் செலவு இன்னும் கூடத்தான் செய்யும். கண்ணாடி மேல் ஒரு பழைய வேட்டியையோ போர்வையையோ முழுதாக மறைக்கிற மாதிரி தொங்கவிடுங்கள். பாதி மறைத்தால் மீதிப் பாதியில் கொத்தும். முகப்பில் மெருகேற்றிய பித்தளை, ஜன்னல் கண்ணாடி ஏதாவது தாழ்வாக இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள், இங்கே எதிரி மறைந்தால் அங்கே தேடிப் போகும். ஆடி பிறந்ததும் துணியை எடுத்துப் பாருங்கள், அதற்குள் பெரும்பாலும் தணிந்திருக்கும். மறுபடி கொத்தினால் இன்னும் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். அதுவரை இரண்டாங்கட்டுச் சுவரிலோ கிணற்றடிக் கல் அடுக்கிலோ பூச்சு வேலை ஏதும் வைத்திருந்தால் தள்ளிப் போடச் சொல்லுங்கள். பழுப்பு நிறத்தில் ஒரு பெண் குருவி வாயில் புழுவோடு அடிக்கடி ஒரே பொந்துக்குள் போய் வந்தால், குஞ்சு அங்கேதான் இருக்கிறது.